கந்தப்பளை மேட்டில் திணறிய மூன்று சக்கரம்: ஒரு காபரேட்டர் நிகழ்வு ஆய்வு

"அண்ணே, மேட்டுல ஏறுறப்ப இதுக்கு மூச்சு முட்டுது."

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் கரட்டும் லீக்ஸும் பயிரிடும் தம்பி ஒருவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போன லொறியில், மூட்டைகளுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டி, ஹட்டனில் இருக்கும் என் கராஜ் வாசலில் வண்டியை இறக்கிவிட்டார்கள். ஹொண்டா ஏ.டி.சி. 200. 1982ஆம் ஆண்டு வண்டி, 192 சி.சி., நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது.

திரீவீல் என்றதும் நம் ஊரில் ஆட்டோதான் மனதில் வரும். இது அது இல்லை. மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார வேண்டும். முன்னால் ஒரு பெரிய பலூன் டயர், பின்னால் இரண்டு. சேற்றிலும் மணலிலும் மேட்டு நிலத்திலும் ஓடுவதற்கென்று ஹொண்டா 1970இல் 90 சி.சி.யில் தொடங்கிய வகை. ஸ்பிரிங், ஷொக் எதுவும் இதில் இல்லை. டயருக்குள் இருக்கும் காற்றுதான் மெத்தை. அந்தக் காற்றும் 2, 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். இந்த வண்டியில் யாரோ 20 வரை அடித்து வைத்திருந்தார்கள். ஓட்டியவருடைய முதுகு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வலிக்கிறது.

பின் அச்சு ஒரே கம்பி. டிஃபரென்ஷல் இல்லாததால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகத்தான் சுழலும். வளைவில் உடம்பைச் சரியாகச் சாய்க்காவிட்டால் வண்டி கவிழும். இப்படி நடந்த விபத்துகளால்தான் 1988இல் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையே நின்றது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது என்ஜின் திணறி, திடீரென்று விட்டுப் பிடித்தால் முன் சக்கரம் தூக்கும். அணைந்துவிட்டால் வண்டி பின்னால் உருளும். ஆகவே இந்த வண்டியில், பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் காபரேட்டரின் கோளாறை "கொஞ்சம் மிஸ்ஸிங்" என்று சமாளித்து ஓட்டச் சொல்ல என்னால் முடியாது. அதில் ஏறி உட்காருகிறவர் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

வண்டியின் பழைய கதை சுருக்கமானது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய யப்பான் சாமான்களோடு கிடந்ததை அவருடைய மாமா வாங்கி, அங்கேயே ஓடவைத்து, மேலே கொண்டுவந்திருக்கிறார். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழையதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. இதுவும் அப்படித்தான் தப்பியது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது டாங்கியில் பாதி எண்ணெயோடு கொட்டிலில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம் அப்படியே நின்றது.

முறைப்பாடு மூன்று. ஒன்று, பாரத்தோடு ஏற்றத்தில் முழு ரேஸ் (அக்சலரேட்டர்) கொடுத்தால் கரும்புகை தள்ளித் திணறுகிறது. இரண்டு, சூடான பிறகு ஸ்லோ (ரேஸ் கொடுக்காமல் என்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்பதில்லை. சில நேரம் தானாகவே ரேஸ் ஏறுகிறது. மூன்று, இறக்கத்தில் ரேஸை விட்டால் சைலன்சரில் பட்டாசு மாதிரி வெடிக்கிறது. என்னிடம் வருவதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஸ்குரூ டிரைவரை எடுத்து காபரேட்டரின் மிக்சர் ஸ்குரூவைத் திருகியிருக்கிறார்கள்.

ஹட்டனில்: ஸ்குரூவைத் தொடாமல்

நான் முதலில் எயார் பில்டரைத் திறந்தேன். உள்ளே இருந்தது பில்டர் இல்லை, மெத்தைப் பஞ்சு. பழைய ஸ்பொஞ்ச் உதிர்ந்து போன இடத்தில் யாரோ அதை வெட்டி அடைத்திருக்கிறார்கள். செம்மண் தூசும் எண்ணெயும் சேர்ந்து களி போல இறுகியிருந்தது. காற்று பாதிதான் உள்ளே போகும். அப்படியிருக்கும்போது காபரேட்டரில் எதைத் திருகினாலும் அந்த அடைப்புக்குத்தான் டியூனிங் செய்கிறோம். சரியான கண் அளவுள்ள பில்டர் ஸ்பொஞ்சை வெட்டி, பில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட்டேன். வால்வு இடைவெளி, கம்ப்ரெஷன், ஸ்பார்க் மூன்றையும் பார்த்தேன். கோளாறு இல்லை.

அடுத்தது, தானாக ரேஸ் ஏறும் விஷயம். என்ஜினை ஸ்லோவில் வைத்து, காபரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தேன். உடனே ஸ்லோ மாறியது. காற்று அந்த வழியாக ஒழுகி உள்ளே போகிறது என்று அர்த்தம். சிலர் இதற்குக் காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தண்ணீர் போதும். கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் கல்லாக இறுகி இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. காபரேட்டரின் முகமும் வளைந்திருந்தது; இரண்டு நட்டையும் மூச்சுப் பிடித்து இறுக்கினால் அலுமினியம் இப்படித்தான் வில்லாக வளையும். கண்ணாடித் துண்டின் மேல் எமரிப் பேப்பரை விரித்து, காபரேட்டர் முகத்தை எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தி, புது ஓ-ரிங் போட்டேன். தானாக ரேஸ் ஏறுவது அன்றோடு நின்றது.

அப்புறம்தான் காபரேட்டரைப் பிரித்தேன். கெய்ஹின், வண்டியோடு வந்த அசல். பெற்றோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தின் அடியில் பழைய பெற்றோல் காய்ந்து தேன்பாகு நிறத்தில் பிசின் பிடித்திருந்தது. ஜெட் என்பது பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு; ஸ்லோவுக்கான ஸ்லோ ஜெட்டின் துளை பாதி மூடியிருந்தது. அதைத் தூண்டில் நரம்பால் மெதுவாகத் திறந்து, கிளீனர் ஊற்றி, காற்று அடித்தேன். கம்பியை விடவே கூடாது. ஏன் என்பதற்கு, முழு ரேஸில் பெற்றோல் விடும் மெயின் ஜெட்டே சாட்சியாக இருந்தது.

அந்த ஜெட்டின் தலையில் 105 என்று பொறித்திருந்தது. கெய்ஹின் ஜெட்டில் அந்த எண் ஏறத்தாழத் துளையின் விட்டம், மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 105 என்றால் சுமார் 1.05 மில்லிமீற்றர். என்னிடம் இருந்த 1.1 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டின் அடித்தண்டை விட்டுப் பார்த்தேன். அது தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ கம்பியால் குத்தி, பித்தளையைத் தேய்த்துத் துளையைப் பெரிசாக்கிவிட்டார்கள். விட்டம் 5 சதவீதம் கூடினால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடும். ஜெட்டின் தலையில் இருக்கும் எண்ணை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய பொறி.

புது ஜெட் எந்த எண்ணில் போடுவது? இங்கேதான் மலைநாட்டுக் கணக்கு வருகிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,271 மீற்றர் உயரம். கந்தப்பளை சுமார் 1,900. மேலே போகப் போகக் காற்று ஐதாகும். கொழும்பு வெயிலில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால், ஹட்டன் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைவு. கந்தப்பளையில் சுமார் 16 சதவீதம் குறைவு. காற்று அவ்வளவு குறைந்தாலும் பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஜெட் வழியாக வரும் பெற்றோல், அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் குறையும். அதனால் கொழும்புக்குச் சரியாக இருந்த காபரேட்டர் கந்தப்பளையில் 8, 9 சதவீதம் கூடுதல் பெற்றோலோடு ஓடும். அதைச் சரிக்கட்ட ஜெட்டின் பரப்பை 8 சதவீதம் குறைக்க வேண்டும். விட்டத்தில் அது 4 சதவீதம். 105ஐ 0.96ஆல் பெருக்கினால் 100.8. ஹட்டனுக்கு அதே கணக்கு 102 என்று வரும்.

சக்தி குறைவது வேறு விஷயம். காற்றே 16 சதவீதம் குறைவு என்றால் என்ஜினின் பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். எந்த ஜெட்டும் அதைத் திருப்பித் தராது. இதை வண்டிக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இல்லாத பலத்தைத் தேடி ஒவ்வொரு கராஜாக அலைவார்கள்.

பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி 98, 100, 102, 105 நான்கையும் பஸ்ஸில் வரவழைத்தேன். 102ஐப் போட்டு, ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மண் ரோட்டில் ஓட்டினேன். புகை இல்லை, திணறல் இல்லை. வண்டியைக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் தம்பி போன் எடுத்தார். "அண்ணே, கீழ நல்லாத்தான் போகுது. எங்க மேட்டுல அதே வளைவுல அதே மாதிரிதான்."

கந்தப்பளையில்: உயரமா, சாய்வா?

தவறு என்னுடையது. ஹட்டன் ரோட்டில், பாரம் இல்லாமல், ஓரளவு சாய்வில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1,900 மீற்றரில் நான்கு மூட்டை கரட்டோடு செங்குத்தான பாத்தி வழியில் ஏறும் வண்டியைச் சரி என்று சொல்லிவிட்டேன். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் நுவரெலியா போய், அங்கிருந்து கந்தப்பளைக்குப் போனேன்.

காபரேட்டரில் எல்லாப் பாகமும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. ரேஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றாக முன்னுக்கு வரும். மூடிய நிலையில் இருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் மிக்சர் ஸ்குரூவும். கால் பங்கு வரை, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் வெட்டு. காலில் இருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். இந்த வண்டியில் ரேஸ், கைப்பிடியைத் திருகுவது இல்லை. பெருவிரலால் தள்ளும் நெம்பு. தம்பியின் மகளிடம் கியூடெக்ஸ் கேட்டு வாங்கி, நெம்பின் பக்கத்தில் கால், அரை, முக்கால், முழுசு என்று நான்கு சிவப்புக் கோடு போட்டேன். "மேட்டுல திணறுது" என்று சொல்வதற்கும் "முக்கால் கோட்டுக்கு மேலே திணறுது" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதலில் ரோட்டில், சமதரையில், முழு ரேஸ். வண்டி ஓடியது. கொஞ்சம் கனமாக, ஒரு சின்ன உறுமலோடு. ஆனால் திணறல் இல்லை. அடுத்து அதே கோட்டில் பெருவிரலை வைத்துக்கொண்டு, வெறும் வண்டியாகப் பாத்தி வழியில் ஏறினேன். பாதி வழியில் கரும்புகை, திணறல். ரேஸைக் குறைத்து அரைக் கோட்டில் வைத்தாலும் அதே திணறல்தான்.

இதில்தான் விஷயம் பிரிந்தது. உயரம் மட்டும் காரணமாக இருந்தால் சமதரையிலும் அதே அளவு திணறியிருக்க வேண்டும். கந்தப்பளை ரோட்டுக்கும் பாத்திக்கும் காற்றில் வித்தியாசம் இல்லை. மெயின் ஜெட் மட்டும் காரணம் என்றால் அரைக் கோட்டில் திணறல் விட்டிருக்க வேண்டும். சமதரையில் இல்லாதது, சாய்வில் மட்டும், எல்லாக் கோட்டிலும் வருகிறது. அப்படியானால் ஜெட்டுகளுக்குப் பெற்றோல் கொடுக்கும் கிண்ணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வரப்புக் கல்லை அடுக்கி முன் சக்கரத்தை அதன் மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பாத்தி வழியின் சாய்வு அளவுக்கு வண்டியை நிறுத்தினேன். பெற்றோல் டெப்பைத் திறந்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை. கிண்ணத்தின் ஓவர்ஃப்ளோ குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விழத் தொடங்கியது. தம்பியும் அவருடைய அப்பாவும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்கள். "இத்தன நாளா எண்ணெ வாசம் அடிச்சது இதுதானா ஐயா?" என்றார் பெரியவர். ஆமாம், இதுதான்.

வண்டியை மறுபடி சமதரைக்குக் கொண்டுவந்து மட்டம் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் முனையில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறு நுனியைக் காபரேட்டரின் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து, வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தினால், உள்ளே பெற்றோல் நிற்கும் மட்டமே குழாயிலும் நிற்கும். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே அது நிற்க வேண்டும். இதில் கோட்டுக்கே வந்து நின்றது. சமதரையில் மயிரிழையில் தப்பிக்கொண்டிருந்திருக்கிறது. முன்பக்கம் தூக்கியதும் பெற்றோல் பின்பக்கம் சாய்ந்து, போகக்கூடாத வழிகளில் எல்லாம் ஏறியிருக்கிறது.

காரணம் இரண்டு. கிண்ணம் நிரம்பியதும் ஃப்ளோட் (மிதவை) தூக்கிப் பெற்றோல் வழியை மூடும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனையில் மோதிரம் போல ஒரு தடம் விழுந்திருந்தது. அது சரியாக மூடாது. ஃப்ளோட்டின் சின்ன நாக்கையும் முன்பு யாரோ வளைத்துவிட்டிருக்கிறார்கள். ஹட்டனில் நான் ஊசியைத் துடைத்து வைத்தேனே தவிர, முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை. பையில் இருந்த புது ஊசியைப் போட்டு, நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, ஒவ்வொரு தடவையும் குழாயில் மட்டம் பார்த்தேன். ஐந்து தடவை கழற்றி மாட்டிய பிறகு கோட்டுக்கு 4 மில்லிமீற்றர் கீழே வந்து நின்றது. மறுபடி கல்லில் ஏற்றிக் கால் மணி நேரம் நிறுத்தினோம். ஒரு சொட்டு விழவில்லை. பாத்தி வழியில் வெறும் வண்டியாகவும், பிறகு நான்கு மூட்டையோடும் ஏறினோம். திணறல் போய்விட்டது.

மிச்சம் இருந்தது சமதரையில் கேட்ட அந்தச் சின்ன உறுமல். அதுதான் உண்மையான உயரக் கோளாறு.

100ஆ, 98ஆ?

புது ப்ளக் போட்டு, நல்ல ஏற்றம் பார்த்து முழு ரேஸில் ஓட்டி, அப்படியே சுவிட்சை அணைத்து, உருண்டு நின்றதும் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. ஸ்லோவில் கொஞ்ச நேரம் விட்டாலும் நிறம் மாறிப் பொய் சொல்லும். கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூட. வெள்ளை என்றால் குறைவு, என்ஜின் சூடேறும். பால் தேத்தண்ணி நிறம் வந்தால் சரி.

102இல் நிறம் கருங்கபிலம். 100இல் பால் தேத்தண்ணி, உறுமலும் போனது. 98ஐயும் போட்டுப் பார்த்தேன். தம்பிக்கு அதுதான் பிடித்தது. வண்டி துள்ளிக்கொண்டு போனது. ப்ளக் வெளுத்த சாம்பல் நிறம். "இதையே விட்டுருங்கண்ணே" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் ஓட்டிப் பார்த்தது நண்பகலில், 20 பாகை வெயிலில். அவர் கரட் ஏற்றுவது விடியற்காலையில். தை மாதத்து விடியலில் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். 20 பாகையில் இருந்து 5 பாகைக்கு இறங்கினால் காற்று சுமார் 5 சதவீதம் அடர்த்தியாகும். கலவையில் பெற்றோல் அதில் ஏறத்தாழப் பாதி அளவுக்குக் குறைந்து தெரியும். நண்பகலில் விளிம்பில் நிற்கும் 98, அந்த விடியலில் பாரத்தோடு ஏறும்போது விளிம்பைத் தாண்டும். காற்றால் மட்டுமே குளிரும் பழைய என்ஜின் அது. பிஸ்டன் பிடித்தால் இந்த வண்டிக்குப் பிஸ்டன் தேடி எங்கே போவது? 100ஐயே போட்டேன்.

ஸ்லைடில் தொங்கும் ஊசியின் க்ளிப்பை நடுக் காடியில் இருந்து ஒரு காடி மேலே ஏற்றினேன். க்ளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், பெற்றோல் குறையும். அரைக் கோட்டில் இருந்த சோம்பல் அதோடு போனது.

கடைசியாகத்தான் எல்லாரும் முதலில் தொடும் அந்த ஸ்குரூ. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் திருகக் கூடாது. எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் பெற்றோல் குறையும். என்ஜின் பக்கம் இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் கூடும். இந்த வண்டியில் என்ஜின் பக்கம். முன்பு பார்த்தவர்கள் அதைக் காற்று ஸ்குரூ என்று நினைத்து, பெற்றோலைக் குறைக்க வெளியே திருகிக்கொண்டே போயிருக்கிறார்கள். மூன்றரைச் சுற்றுக்கு மேல் வெளியே கிடந்தது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, மெதுவாக உள்ளே திருகி, ஸ்லோ மிக உயரும் இடத்தைப் பிடித்தேன். ஒன்றரைச் சுற்றில் வந்து நின்றது. சூட்டுக்குப் பிறகு ஸ்லோ நிற்காத முறைப்பாடும் அங்கேயே முடிந்தது.

இறக்கத்து வெடிச் சத்தம் மட்டும் குறைந்ததே தவிரப் போகவில்லை. சைலன்சர் என்ஜினோடு சேரும் இடத்தில் கையை அருகே கொண்டுபோனால் சூடான ஊதல் பட்டது. காஸ்கட் எரிந்து போயிருந்தது. ரேஸை விட்டு இறங்கும்போது அந்த வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் வந்த பெற்றோலோடு சேர்ந்து வெடித்திருக்கிறது. நுவரெலியாவில் செம்புக் காஸ்கட் வாங்கிப் போட்டோம். ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தேன்: ஒன்றேமுக்கால். பிறகு கீழ் ரோடு வரை ரேஸை விட்டு இறங்கினேன். சத்தம் இல்லை.

105 புது ஜெட்டை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வயரோடு கட்டிவிட்டு வந்தேன். வண்டி என்றைக்காவது கொழும்புப் பக்கம் இறங்கினால் 100இல் ஓட்டக் கூடாது. கீழே காற்று கனம், பெற்றோல் போதாது. பழைய குத்திய ஜெட் இப்போது என் கராஜ் மேசையில் இருக்கிறது. வேலை பழக வரும் பையன்களிடம் அதையும் ட்ரில் பிட்டையும் கொடுத்து அளக்கச் சொல்வேன்.

தை பிறந்து இரண்டாம் கிழமை தம்பி போன் எடுத்தார். புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்றார். சோக் போட்டு மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனதாம். சோக்கை முன்பைவிடக் கொஞ்சம் நேரம் விட வேண்டியிருக்கிறதாம். பின்னால் வண்டி ஸ்லோவில் நிற்கும் சத்தம் போனில் கேட்டது. ப்ளக்கைக் கழற்றி நெருப்புப் பெட்டியில் வைத்து ஹட்டன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். சாயங்காலம் வந்து சேர்ந்தது. பால் தேத்தண்ணி, கொஞ்சம் பால் கூட.